நான்காம் கட்டிலின் வலி

வலி கடற்கரைச் சாலையைக் குறுக்கே கடந்து தலைமைச் செயலகத்துக்கு வந்து சேர்ந்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, அதாவது எல்லாரும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் காப்பியை வாயில் வைத்த நேரத்தில். முதலில் அது மதுவிலக்குத் துறையின் மூன்றாம் பிரிவுக்குத்தான் வந்தது. பிரிவு அலுவலர் பரமானந்தத்துக்கு இடது இடுப்பில் யாரோ திருப்புளியை வைத்துத் திருகியது போல இருந்தது. எதிரில் இருந்த தட்டச்சர் அம்மாவுக்குத் தாடையில் நெருப்பு பிடித்தது. ஜன்னலோரம் இருந்தவருக்கு விலா, கதவோரம் இருந்தவருக்கு முதுகுத்தண்டு என்று பிரிவில் இருந்த ஒன்பது பேருக்கும் ஒன்பது விதமான வலி. யாரும் அலறவில்லை. அரசு அலுவலகத்தில் எது வந்தாலும் முதலில் வந்து சேர்ந்தது என்று பதிவு செய்வதுதான் முறை. பரமானந்தம் பல்லைக் கடித்துக்கொண்டு தபால் பதிவேட்டைத் திறந்து, 'வலி, ஒன்பது' என்று எழுதி, தேதி போட்டுச் சுருக்கொப்பம் இட்டார்.

அதே பத்தேகால் மணிக்குச் சாலையின் எதிர்ப்பக்கம், பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், புற்றுநோய் வார்டின் ஒன்பது கட்டில்களிலும் ஒன்பது பேர் கண்ணைத் திறந்தார்கள். நான்காம் கட்டிலில் கிடந்த தங்கவேல், எட்டு மாதமாக இடது பக்கம் ஒருக்களித்தே அறியாதவர், ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தார். பிறகு வலது பக்கம். பிறகு எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டு, பக்கத்தில் ஒரு மணி நேர அனுமதி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக் கேட்டார்.

"குமுது, ஒரு காப்பி கெடைக்குமா? ஸ்ட்ராங்கா?"

குமுதவல்லி அவர் முகத்தையே பார்த்தாள். எலும்பில் நோய் இறங்கிய நாளிலிருந்து அந்த முகத்தில் பார்க்காத ஒன்று, வெறும் சாதாரணம், அதில் வந்து உட்கார்ந்திருந்தது. அவள் ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். காப்பிக் கடைக்காரன் சில்லறை கொடுப்பதற்குள் அழுது முடித்துவிட்டு மேலே வந்தாள்.

அலையாத்திப்பட்டினம் பெரிய தலைநகரம் ஒன்றுமில்லை. ஒரு கலங்கரை விளக்கம், ஒரு செயலகம், ஒரு ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு சாலை, மற்றதெல்லாம் கடல். அந்தச் சின்ன மாநிலத்தில் எல்லாச் செய்தியும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லார் காதுக்கும் போய்விடும். ஆகவே ஆஸ்பத்திரியில் யாருக்கும் வலிக்கவில்லை என்ற செய்தி செயலகத்துக்கும், செயலகத்தில் ஒன்பது பேருக்கு வலிக்கிறது என்ற செய்தி ஆஸ்பத்திரிக்கும் போகும் வழியில் நடுச்சாலையில் சந்தித்துக்கொண்டன, டீக்கடையில் வைத்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கப்பட்டன. ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. "அந்தக் கோப்பு மூணாம் பிரிவுலதானே கெடக்கு? அப்ப சரியாத்தான் வந்திருக்கு" என்றார்கள்.

அந்தக் கோப்பு என்று சொன்னால் போதும், அங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. போதை மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்ட முன்வடிவு அதில் இருபத்திரண்டு வருடமாகக் கிடந்தது. சட்டம் நல்லதா கெட்டதா என்பதல்ல தகராறு. அது யாருடையது என்பதுதான் தகராறு. நல்வாழ்வுத் துறை, இது போதை சம்பந்தப்பட்டது, ஆகவே மதுவிலக்குக்காரர்கள் பார்க்கட்டும் என்றது. மதுவிலக்குத் துறை, பாட்டிலில் இருந்தால் எங்களுடையது, மாத்திரையாக இருந்தால் ஆஸ்பத்திரிக்காரர்களுடையது என்றது. உள்துறை, குற்றம் நடந்தால் கூப்பிடுங்கள், அதுவரை எங்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்றது. இப்படி ஆளாளுக்குத் தட்டிக் கழித்ததில், புற்றுநோய்க்காரர்களின் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரையை ஆஸ்பத்திரி வாங்கி வைக்க அனுமதி கொடுப்பது யார் என்ற கேள்விக்கும் பதில் இல்லாமல் போனது. அனுமதி கொடுக்க ஆளில்லை, ஆகவே மாத்திரை இல்லை. வார்டு சிஸ்டர் ரெஜினா வருடத்துக்கு நான்கு முறை விண்ணப்பம் எழுதுவாள்; அது போய் அந்தக் கோப்பில் சேரும்; கோப்பு இன்னும் கொஞ்சம் தடிக்கும்.

ஒவ்வொரு துறையும் கோப்பைத் தள்ளிவிடும்போது எழுதியது ஒரே வாக்கியத்தைத்தான்: 'இப்பொருள் இத்துறையைச் சார்ந்ததன்று.' அழகான வாக்கியம், ஒரு எழுத்துக் கூடுதல் இல்லை, குறைவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார்கள். அதை முதன்முதலில் எழுதியவர் யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. குறிப்பின் அடியில் இருந்த சுருக்கொப்பமும் மங்கிவிட்டது. ஒரே ஒருத்திக்கு மட்டும் ஞாபகமிருந்தது. இருபத்தொன்பது வயதில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து நாற்பதுக்கு அதை எழுதியவள் குமுதவல்லி.

இப்போது அவளே நல்வாழ்வுத் துறையில் பிரிவு அலுவலர். கணவனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்த எட்டு மாதமும் அந்த வாக்கியம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள், ஆனால் உண்மையான காரணம் வெட்கம்.

செயலகம் வலியை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால், அந்த ஊரின் மேல் கொஞ்சம் மரியாதை வரும். முதல் வாரம் அவர்கள் செய்தது, எதிர்பார்த்தபடியே, தள்ளிவிட்டதுதான். கோப்பு அறையை விட்டு வெளியே போனால் வலியும் கூடவே போகிறது என்று தெரிந்த அன்றே, இருபத்திரண்டு வருடம் நத்தை வேகத்தில் நகர்ந்த அந்தக் கோப்பு காலையில் உள்துறை, பதினொன்றுக்கு மதுவிலக்கு, சாப்பாட்டுக்கு நல்வாழ்வு, மூன்று மணிக்கு மறுபடி உள்துறை என்று தாழ்வாரத்தில் ஓட்டப்பந்தயம் ஓடியது. அதைத் தூக்கிக்கொண்டு நடந்த அலுவலக உதவியாளருக்கு மட்டும் ஒன்பது வலியும் ஒன்றாக வந்து, அவர் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வைத்த இடத்தில் கொஞ்ச நாளாவது வைத்திருப்போம் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு சுற்றறிக்கைகள் வந்தன. வலியை நோயாகக் கருத முடியாது, ஏனெனில் வலிப்பவருக்கு நோயில்லை. ஆகவே மருத்துவ விடுப்பு கிடையாது. வலியோடு இருப்பது பணியில் இருப்பதாகவே கொள்ளப்படும். மெதுவாக முனகுவது அலுவலக ஒழுங்குக்கு மாறானதன்று. ஊழியர் சங்கம் போராடிப் பிரிவுக்கு மூன்று வெந்நீர்ப் பைகள் வாங்கிக் கொடுத்தது. கேன்டீனில் தாடைக்காரருக்காகத் தினம் ஒரு பாத்திரம் கஞ்சி தனியாகக் காய்ச்சினார்கள். காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால் வணக்கம் சொல்வதற்குப் பதில், "இன்னிக்கு உங்களுக்கு எந்தக் கட்டில்?" என்று கேட்டுக்கொண்டார்கள். "ஆறாம் கட்டில் சார், முதுகு. உங்களுக்கு?" "எனக்கு ரெண்டு. பரவால்ல, காலைல கொஞ்சம் விட்டுக் குடுக்குது" என்று பதில் வரும்.

ஒரு குறை மட்டும் இருந்தது. அரசாங்கத்தைத் தேடி வந்த வலி அரசாங்க நேரத்தைக் கற்றுக்கொண்டது. காலை பத்தேகாலுக்கு வரும். மாலை ஐந்தே முக்காலுக்கு, பியூன் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டதும், சாலையைத் தாண்டித் தன் கட்டிலுக்குத் திரும்பிவிடும். ஞாயிறு வராது. இரண்டாம் சனி வராது. தீபாவளிக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை விட்டார்கள், அந்த மூன்று நாளும் வார்டில் நடந்ததை ரெஜினா சிஸ்டர் யாரிடமும் முழுசாகச் சொல்லவில்லை.

நன்றி சொல்ல முதலில் வந்தவள் மீன் விற்கும் ஒரு பெண். ஏழாம் கட்டிலில் கிடந்தது அவள் தாய். ஆவணி மாதத்தில் ஒரு காலை, தலையில் நான்கு இளநீரோடு வாசலில் வந்து நின்றாள். பாஸ் எழுதும் காவலர், வந்த காரணம் என்ன என்று கேட்டார். மனு, முறையீடு, சான்றிதழ் என்று அவர் கையில் பட்டியல் இருந்தது. "நன்றி சொல்ல வந்தேன்" என்றாள். பட்டியலில் அது இல்லை. காவலர் தலையைச் சொறிந்துவிட்டு, கடைசியில் கையால் எழுதி உள்ளே விட்டார். அவள் நேரே, அன்று கோப்பு இருந்த உள்துறைப் பிரிவுக்குப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உரக்கக் கேட்டாள்.

"எங்க ஆத்தாவோட தாடை வலி யாருகிட்டங்க இருக்கு?"

மூலையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்துகொண்டிருந்த ஒரு மனிதர் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"சாமி, நீங்களா? எங்க ஆத்தா நேத்து மூணு வாய் மீன்கொழம்பு சோறு தின்னுச்சுங்க. பகல்ல தூங்குச்சு. நீங்க நல்லா இருக்கணும்" என்று சொல்லி, இளநீரை அவர் மேஜையில் வைத்துவிட்டு, விழுந்து கும்பிடப் போனாள். அவர் பதறி எழுந்து தடுத்தார். இருபத்தாறு வருட சர்வீஸில் அவரிடம் வந்தவர்கள் கேட்டதெல்லாம் 'சார், இன்னும் ஆகலையா' என்ற ஒரு கேள்விதான். அவர் தாடை வலியோடு சிரித்தார், சிரித்ததில் வலி இரண்டு மடங்கானது, அப்படியும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அவள் திறந்துவிட்ட வழியில் ஊரே வந்தது. மோர் வந்தது, எலுமிச்சம்பழம் வந்தது, தைலப் பாட்டில் வந்தது, உட்கார இலவம்பஞ்சுத் திண்டு வந்தது. இரண்டாம் கட்டில்காரரின் மகள் தன் கல்யாணப் பத்திரிகையை, அப்பாவின் வலியை அந்த மாதம் வைத்திருந்த உதவியாளருக்குத்தான் முதலில் கொடுத்தாள். குமுதவல்லியும் போவாள். கோப்பு எந்தத் துறையில் இருக்கிறதோ அந்தத் துறையின் வாசலில், மத்தியானம், ஒரு தூக்கு மோரோடு நிற்பாள். உள்ளே பார்த்ததும் தெரிந்துவிடும், இடது இடுப்பில் கைவைத்து எழுகிறவர் யாரோ அவரிடம்தான் அவள் வீட்டு வலி இருக்கிறது. பெரும்பாலும் அது பரமானந்தம். மதுவிலக்குக்குக் கோப்பு வரும்போதெல்லாம் நான்காம் கட்டில் அவரைத்தான் தேடி வந்தது. "உங்க வீட்டு ஆளு எந்தக் கட்டில்மா?" என்று அவர் ஒருமுறை கேட்டார். "சும்மா, எல்லாருக்கும்தான் கொண்டு வந்தேன் சார்" என்று சொல்லி மோரை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். நன்றி நெஞ்சு முழுக்க இருந்தது. வாயைத் திறந்தால் அந்த வாக்கியமும் கூடவே வந்துவிடுமே என்று பயமாக இருந்தது.

இப்போதுதான் புதுச் சிக்கல் முளைத்தது. நன்றியின் ருசி கண்டுவிட்ட துறைகள் கோப்பை விட மறுத்தன. இருபத்திரண்டு வருடம் எங்களுடையதில்லை என்று எழுதியவர்கள் இப்போது எங்களுடையதுதான் என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். மாத்திரையானாலும் அது போதைதானே என்றது மதுவிலக்கு. போதை இருக்கும் இடத்தில் குற்றம் இல்லாமலா போகும் என்றது உள்துறை. சண்டை முற்றி, கடைசியில் மாதம் ஒரு துறை என்று முறை வைத்துக்கொண்டார்கள். வலியை மாதா மாதம் பத்திரமாகக் கைமாற்றினார்களே தவிர, சட்டம் ஒரு அங்குலம் நகரவில்லை, ஒரு மாத்திரைகூட வரவில்லை. யாரையும் குறைசொல்ல முடியாது, எல்லாரும் நல்லது செய்துகொண்டிருந்தார்கள்.

மார்கழியில் நல்வாழ்வுத் துறையின் முறை வந்தது. இதுவரை அங்கே வேறு பிரிவுக்கே போய்க்கொண்டிருந்த கோப்பை இந்த முறை கொண்டுவந்து குமுதவல்லியின் மேஜையில் வைத்தார்கள். அவள் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தாள். இடது இடுப்பில் அது வந்து இறங்கியபோது, கண்ணை மூடிக்கொண்டாள். திருகல், பிறகு ஒரு குத்தல், பிறகு முழங்கால் வரைக்கும் ஓடுகிற ஒரு எரிச்சல். இத்தனை மாதம் வெளியிலிருந்து மட்டும் பார்த்த வீட்டுக்குள் இன்றுதான் நுழைந்தது போல இருந்தது. 'வாங்க' என்று மனசுக்குள் சொன்னாள். இதைக் கடைசி வரைக்கும் நானே வைத்துக்கொள்கிறேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நினைத்தாள். கோப்பை விட மறுத்த மற்றத் துறைகளைப் பார்த்து இத்தனை நாள் உள்ளுக்குள் சிரித்தவள்தான்.

ஒன்றே காலுக்கு ரசம் சாதம் எடுத்துக்கொண்டு சாலையைத் தாண்டிப் போனாள். தங்கவேல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஐந்தாம் கட்டில்காரரோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். அவள் கதவருகே வருவதைப் பார்த்ததும் சீட்டைக் கீழே போட்டார்.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"நடிக்காத குமுது. முப்பது வருசம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். படியில கால் வைக்கும்போதே யாருக்கு எங்க வலிக்குதுன்னு தெரிஞ்சிரும். அது என் இடுப்பு. என் நடை."

அவள் சாதத்தைப் பிசைந்தாள். அவர் தட்டை வாங்கவில்லை.

"உங்களுக்கு வலிக்கலையில்ல? அது போதும் எனக்கு" என்றாள்.

"எனக்கு வலிக்கலைன்னு உனக்கு யாரு சொன்னா? நீ இப்பிடி நொண்டிக்கிட்டு வந்து நிக்கிறதப் பாத்துக்கிட்டு நான் ரசஞ்சோறு திங்கணுமா?" அவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "பொங்கலுக்கு அஞ்சு நாள் லீவாம். சிஸ்டர் காலையிலேயே ஜன்னல் கம்பியெல்லாம் ஆட்டிப் பாத்துட்டுப் போச்சு. தீவாளிக்கு மூணு நாளு, அந்த ஏழாம் கட்டில் ஆத்தா சுவத்துல தலைய முட்டிச்சு. அஞ்சு நாள் அது தாங்காது. நானும் தாங்குவேன்னு தோணல."

குமுதவல்லி தட்டைக் கீழே வைத்தாள். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள்.

"அந்தக் கோப்புல மொதக் குறிப்பு எழுதினது நான்தாங்க. நம்மளது இல்லேன்னு. எனக்கப்புறம் எல்லாரும் அதத்தான் பாத்து எழுதினாங்க."

"எப்ப?"

"வெள்ளிக்கெழமை. அஞ்சு அம்பது வண்டி கெளம்பிருச்சு, நான் ஓடி வந்தேன், நீங்க விசில் அடிச்சு நிறுத்தினீங்களே. அன்னிக்குத்தான். வண்டி போயிடுமேன்னு அவசரத்துல எழுதினேன்."

அந்த வெள்ளிக்கிழமை தங்கவேலுக்கும் நன்றாக ஞாபகமிருந்தது. மூச்சிரைக்க ஏறிய பெண்ணிடம், "மெதுவா வாங்க, வண்டி எங்கயும் போயிடாது" என்று சொல்லிவிட்டு, அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவள் வரும்வரை தினமும் வண்டியை நிறுத்தி வைத்து, ஓட்டுநரிடம் திட்டு வாங்கி, ஒரு வருடத்தில் அவளையே கல்யாணம் செய்துகொண்டவர் அவர்.

"அப்ப பாதிக் குத்தம் என் விசிலோடது" என்றார். "அந்த வரிய நீ எழுதலேன்னா அந்த வண்டி உனக்குக் கெடச்சிருக்காது. நீ எனக்குக் கெடச்சிருக்க மாட்ட. அதத் திட்ட எனக்கு வாய் வரல குமுது. ஆனா அது செஞ்ச நல்லது போதும். போய் அத அடிச்சிட்டு வா."

அவள் திரும்பி வந்து, வெந்நீர்ப் பையை இடுப்புக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு, கோப்பைத் திறந்தாள். குறிப்புகளைத் தாண்டி, கடிதங்களைத் தாண்டி, ரெஜினா சிஸ்டரின் எண்பத்தெட்டு விண்ணப்பங்களைத் தாண்டி, அடியில் கிடந்த சட்ட முன்வடிவை எடுத்தாள். அதைக் கட்டியிருந்த நாடாவின் முடிச்சு புது முடிச்சு மாதிரி இறுகியிருந்தது. அது முதல் நாள் போட்ட முடிச்சு. யாரும் அவிழ்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருடமாக எல்லாரும் முந்தியவர் எழுதிய குறிப்பைப் படித்தார்களே தவிர, சட்டத்தை ஒருவரும் படிக்கவில்லை. மொத்தம் பதினான்கு பக்கம். படிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. மூன்றாம் பக்கத்திலேயே, நோயாளியின் வலியைத் தணிப்பதே இச்சட்டத்தின் முதல் நோக்கம் என்று எந்த ஒளிவு மறைவும் இல்லாமல் எழுதியிருந்தது.

துறைச் செயலாளர் அம்மா கெட்டிக்காரர், நல்லவரும்கூட. அவரிடம் கோப்பைக் கொண்டுபோனபோது அவருக்கு விலாவில் எட்டாம் கட்டில் வலித்துக்கொண்டிருந்தது. "நான் எடுத்துக்கத் தயார் குமுதவல்லி" என்றார். "ஆனா நம்ம துறைதான் முதல்ல நமக்கில்லேன்னு எழுதியிருக்கு. மூணு துறையும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்குது. அன்னிக்கு அப்படி எழுத என்ன காரணம்னு தெரியாம அதை மாத்தினா, நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? எழுதினது யாருன்னே தெரியலியே."

"தெரியும் மேடம்" என்றாள் குமுதவல்லி. பேனாவைத் திறந்து, நின்றபடியே எழுதினாள்.

'இக்கோப்பின் முதல் குறிப்பை எழுதியவள் நான். அன்று மாலை ஐந்து நாற்பதுக்கு, ஐந்து ஐம்பது பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில், சட்ட முன்வடிவைப் படிக்காமல், இப்பொருள் இத்துறையைச் சார்ந்ததன்று என எழுதினேன். வேறு காரணம் எதுவும் இல்லை. இன்று படித்தேன். இது நம்முடையது.'

முழுப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள். செயலாளர் அம்மா அதை இரண்டு முறை படித்தார். வலி தரும் கோப்பையும் வலியின் நேரந்தவறாமையையும் கண் இமைக்காமல் ஏற்றுக்கொண்ட அந்தச் செயலகம், முதன்முறையாக வாயடைத்துப் போனது இந்த ஐந்து வரிக்குத்தான். அரசுக் கோப்பில் ஒருவர் உண்மையான காரணத்தை எழுதியிருக்கிறார் என்ற செய்தி தாழ்வாரம் முழுக்கப் பரவியது. மற்றத் துறைகளிலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள்.

கோப்பு இசைவுக்காக மதுவிலக்குத் துறைக்குப் போனது. பரமானந்தம் அதை முதலிலிருந்து புரட்டினார். அவர் எழுதிய குறிப்பும் அதில் இருந்தது, பதினொரு வருடத்துக்கு முந்தியது, அதே வாக்கியம். அவர் அதன் பக்கத்தில் எழுதினார்: 'அன்று என் மகளின் பள்ளி ஆண்டு விழா. நானும் படிக்கவில்லை. இது நல்வாழ்வுத் துறையினுடையதே.' உள்துறைக்குப் போனது. 'அன்று மழை. குடை இல்லை. படிக்கவில்லை. அவர்களுடையதே.' இப்படியே, அந்த வாக்கியத்தை எழுதிய ஒவ்வொருவரும், ஓய்வு பெற்றவர்கள்கூடப் பேருந்து பிடித்து வந்து, தங்கள் தங்கள் காரணத்தைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்குப் பல்வலி. ஒருவருக்குப் புது மனைவி. ஒருவர் 'காரணம் ஞாபகமில்லை, மன்னிக்கவும்' என்று மட்டும் எழுதினார். கெட்ட காரணம் ஒன்றுகூட இல்லை, அதுதான் படித்தவர்களை அழவைத்தது.

போகிக்கு முந்தின நாள் மத்தியானம் ஆணை வெளியானது. சட்டம் பேரவைக்குப் போய்வர இன்னும் மாதங்கள் ஆகும். ஆனால் பொறுப்பு யாருடையது என்று முடிவானதும், மாத்திரைக்கு அனுமதி கொடுக்க ஒரே ஒரு கையெழுத்து போதுமாக இருந்தது. மூன்றரை மணிக்கு ஒரு சின்ன அட்டைப் பெட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தது. ரெஜினா சிஸ்டர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாடியேறினாள். மாலை ஐந்தே முக்காலுக்குச் செயலகத்தின் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. வலி தன் வழக்கப்படி சாலையைத் தாண்டிப் போனது. அதன் பிறகு அது செயலகத்துக்குத் திரும்பி வரவே இல்லை.

பொங்கலன்று நால்வரும் ஐவருமாகச் செயலக ஊழியர்கள் ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். யாரும் அழைக்கவில்லை. காலையில் புதுத்துணி உடுத்தி, பொங்கல் வைத்துச் சாப்பிட்டு உட்கார்ந்தவர்களுக்கு, உடம்பில் ஓர் இடம் காலியாக இருப்பது போலத் தோன்றியதாம். தட்டச்சர் அம்மா ஏழாம் கட்டிலைத் தேடிப் போய், அந்த ஆத்தாவின் தாடையைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்தாள். "இந்த எடம்தான், இல்லையா?" என்று கேட்டாள். ஆத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பரமானந்தம் நாலரை மணிக்கு வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, கையில் ஒரு கரும்புத் துண்டு. இடது கை தன்னையறியாமல் இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், நான்காம் கட்டிலின் பக்கத்தில் குமுதவல்லியைக் கண்டு நின்றுவிட்டார்.

"நீங்களா? இது... உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா சார்."

"மோர் கொண்டு வந்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்ல முடியல சார். உங்க மொகத்தப் பாத்து நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லேன்னு நெனச்சேன்."

பரமானந்தம் தங்கவேலின் பக்கம் திரும்பினார். "எந்திரிக்கும்போது முதல்ல ஒரு திருகு. அப்புறம் குத்தல். அப்புறம் முழங்கால் வரைக்கும் எரியும். சரியா?"

"அப்பிடியேதான் சார்."

"நான்தான் அத வச்சிருந்தேன். ஐப்பசி முழுக்க. அதுக்கு முன்னால ஆடியில பதினோரு நாள்."

தங்கவேல் கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பினார். "அந்தப் பதினோரு நாள்லதான் சார் நான் ஜன்னல் வழியா கடல ஒழுங்காப் பாத்தேன். அப்பப்போ இவ மடியில தலை வச்சுத் தூங்கினேன். எம் பாரத்தப் பத்திரமாத் தூக்கி வச்சிருந்தீங்க. நான் எங்க போனாலும் மறக்க மாட்டேன்." எங்கே போகப்போகிறார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், மாத்திரை வலிக்குத்தான், நோய்க்கல்ல. பரமானந்தம் கரும்பைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, தங்கவேலின் கால்மாட்டில் உட்கார்ந்து, வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நேரம் ஐந்தரை ஆனது. வார்டில் பேச்சு தானாகவே குறைந்தது. இத்தனை மாதப் பழக்கத்தில் எல்லார் கண்ணும் சுவர்க்கடிகாரத்துக்குப் போனது, நோயாளிகள், பிள்ளைகள், சிஸ்டர், புதுத்துணியோடு வந்த அரசு ஊழியர்கள், எல்லாருடையதும். குமுதவல்லி கணவனின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள். ஐந்தே முக்கால். தங்கவேல் புருவத்தைச் சுருக்கவில்லை. ஐந்து நாற்பத்தாறு. ஏழாம் கட்டில் ஆத்தா வாயைத் திறந்து பெரிதாகக் கொட்டாவி விட்டாள். யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில், கீழே சாலையில் ஒரு விசில் சத்தம் கேட்டது. தங்கவேல் தலையைத் தூக்கிக் காதுகொடுத்தார்.

"அஞ்சு அம்பது வண்டி. பண்டிகையன்னிக்கும் நேரத்துக்கு எடுத்துட்டான் பாரு." அவள் பக்கம் திரும்பினார். "உன் வண்டி போவுது குமுது."

"போகட்டுங்க" என்றாள் அவள். "இன்னிக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்ல."